நைஃபுக்கு முன்னால் அந்தக் 'கே' எதற்கு?

ஒரு அப்பா கேட்டிருந்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள், கத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வகுப்பில் 'க்னைஃப்' என்று சத்தமாகப் படித்திருக்கிறாள். மொத்த வகுப்பும் சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவள், "படிக்கக் கூடாதுன்னா அந்த எழுத்தை எதுக்குப்பா எழுதி வெச்சிருக்காங்க?" என்று கேட்க, இவருக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் எடுத்துவிட்டால்தான் என்ன என்பது இவர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்ட கேள்வி.

முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் தப்பாகப் படிக்கவில்லை, கொஞ்சம் லேட்டாகப் படித்துவிட்டாள், அவ்வளவுதான். நானூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்கில் கடன் என்பதற்கு 'டெப்ட், டெப்ட்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், எதிரே இருந்தவர் ஒவ்வொரு முறையும் 'டெட்' என்று திருப்பிச் சொன்னார், யாரோ செத்துப்போன விஷயம் நடுவில் எப்படி வந்தது என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் தேடிப் படித்ததுதான் இதெல்லாம்.

ஒரு சின்ன சங்கடம். தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு பி-யும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் பஸ்ஸில் வருவதை பஸ்-பி என்றும் பேப்பரில் வருவதை பேப்பர்-பி என்றும் எழுதுகிறேன். அங்கே சத்தமே இல்லாத எழுத்துகள் என்றால், இங்கே ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று சத்தம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

சரி, 'கே'க்கு வருவோம். கத்தியைக் குறிக்கும் அந்தச் சொல்லை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்கள் வடக்கேயிருந்து கப்பலில் வந்திறங்கிய வைக்கிங்குகள். அவர்கள் மொழியிலும் அது 'க்னீ' என்றுதான் தொடங்கியது. முழங்கால், முடிச்சு, தட்டுவது, பின்னுவது, தெரிந்துகொள்வது எல்லாவற்றுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களில் முதலில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஒலிதான். இன்றும் ஜெர்மன்காரர் முழங்காலை 'க்னீ' என்றுதான் சொல்கிறார், அவருக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆங்கிலத்தில்தான் 17-ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் அந்த 'க்' தேயத் தொடங்கி, அடுத்த நூற்றாண்டில் காணாமல் போய்விட்டது. 'க்'குக்கு நாக்கின் பின்பகுதி மேலே போக வேண்டும், உடனே 'ன'வுக்கு நுனி மேலே போக வேண்டும், நடுவில் ஓர் உயிரொலிகூட இல்லை.

இந்த அவஸ்தை நமக்குப் புதிதில்லை. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லே தமிழில் கிடையாது, அதனால்தான் ஸ்கூலை நம் பாட்டிமார் இஸ்கூல் ஆக்கினார்கள். நாம் ஓர் உயிரெழுத்தை நுழைத்துச் சமாளித்தோம், அவர்கள் ஒரு மெய்யை விழுங்கிச் சமாளித்தார்கள். விழுங்கியதும் நம்மிடம் உண்டு. வடமொழியில் அது 'ஜ்ஞானம்', முன்னால் ஒரு ஜகரம் இருக்கிறது. தமிழுக்கு வரும்போது அந்த 'ஜ்' உதிர்ந்து ஞானம் ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, தெரிந்துகொள்வதைக் குறிக்கும் 'நோ' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்த ஞானமும் ஒரே வேரிலிருந்து பிரிந்துபோன தூரத்துச் சொந்தங்கள். இரண்டு இடத்திலும் உதிர்ந்தது அதே முதல் மெய். நாம் உதிர்ந்ததை எழுத்திலிருந்தும் எடுத்துவிட்டோம், அவர்கள் எழுத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்து 'ஜி-எச்'. பிள்ளைகளை அதிகம் அழவைப்பது இதுதான். இரவு, வெளிச்சம், எட்டு, வலப்பக்கம், மகள் என்று எடுத்த இடத்திலெல்லாம் நடுவில் ஒரு ஜி-எச் சும்மா உட்கார்ந்திருக்கும். இது தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலி, நம் அஃது, எஃகு இவற்றில் வரும் ஆய்தத்தைக் கொஞ்சம் காற்றடித்துச் சொன்னால் ஏறத்தாழக் கிடைக்கும். பழைய ஆங்கிலத்தில் நைட் என்பது ஏறக்குறைய 'நிஃக்ட்'. ஜெர்மனில் இன்றும் அந்த உரசல் இருக்கிறது, ஸ்காட்லாந்தில் ஏரியைச் சொல்லும் 'லாஃக்' என்ற சொல்லிலும் இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு எழுத்துமுறையில் பழகிய எழுத்தர்கள் தங்கள் வழக்கங்களை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்த உரசல் ஒலிக்கு ஜி-எச் என்ற ஜோடி பரவியது அதற்குப் பிந்தைய காலத்தில்தான். பிறகு ஒலி போய்விட்டது, ஜோடி தங்கிவிட்டது. சில சொற்களில் மட்டும் அந்த உரசல் தொண்டையிலிருந்து உதட்டுக்கு இடம் மாறி 'ஃப்' ஆனது. இருமலுக்குக் 'காஃப்', சிரிப்புக்கு 'லாஃப்', போதும் என்பதற்கு 'இனஃப்'. எந்தச் சொல்லில் செத்தது, எந்தச் சொல்லில் இடம் மாறியது என்று விதி கேட்காதீர்கள், மனப்பாடம்தான்.

பேச்சு மாறினால் எழுத்தும் கூடவே மாற வேண்டியதுதானே என்பீர்கள். மாறிக்கொண்டுதான் இருந்தது. கையால் எழுதிய காலத்தில் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள், ஒரே ஆள் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதியதும் உண்டு. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அடுத்த இருநூறு வருஷத்தில் அச்சுக்காரர்கள் கையில் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது. கெட்ட நேரம் பாருங்கள், ஆங்கில உச்சரிப்பு தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே இருநூறு வருஷம்தான். நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின, ஜி-எச் போனது, கடைசியில் 'கே'யும் தேயத் தொடங்கியது. வீடு மாறிக்கொண்டிருக்கும்போது போட்டோ எடுத்த மாதிரி ஆகிவிட்டது. காக்ஸ்டனே முப்பது வருஷம் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பக்கம் இருந்துவிட்டு வந்தவர், பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்' சொல்லில் இருக்கும் 'எச்' அந்த ஊர் எழுத்துவழக்கைப் பார்த்து அவர் அச்சுக்கூடம் வழியாக ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றினால், உங்கள் வாயை நீங்களே கவனித்துப் பாருங்கள். எழுதுவது 'நாங்கள்', சொல்வது 'நாங்க'. எழுதுவது 'அவள்', சொல்வது 'அவ'. 'மரம்' என்று எழுதுகிறோம், பேச்சில் அந்தக் கடைசி 'ம்' உதடு மூடாமல் மூக்கோடு போய்விடுகிறது. ரகரத்துக்கும் றகரத்துக்கும் பெரும்பாலானவர்கள் பேச்சில் வித்தியாசமே இல்லை, ஆனால் எழுத்தில் தவறினால் மார்க் போகும். இந்தக் 'கள்'ளில் இருக்கும் 'ள்' பேச்சுத்தமிழைப் பொறுத்தவரை ஊமை எழுத்துதான். நமக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம், பேசும் தமிழ் ஒன்று, படிக்கும் தமிழ் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறோம், மேடையில் ஏறினால் அந்த 'ள்' திரும்ப உயிர்பெற்று வந்துவிடும். ஆங்கிலேயருக்கு அந்த இரண்டாவது வாய் இல்லை. புத்தகத்தைப் பார்த்துப் படித்தாலும் 'நைஃப்'தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு காலத்தில் ஒலித்து ஓய்ந்த எழுத்துகள், அவற்றை மன்னித்துவிடலாம். எனக்குக் கோபம் வருவது அடுத்த வகை மேல். இவை எந்தக் காலத்திலும் ஆங்கிலத்தில் ஒலித்ததே இல்லை, படித்தவர்கள் தங்கள் படிப்பைக் காட்டச் செருகியவை.

என் மானத்தை வாங்கிய அந்த 'டெட்' இருக்கிறதே, அதை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியபோது நடுவில் பஸ்-பி கிடையாது. சந்தேகத்துக்கான 'டவுட்'டிலும் கிடையாது. அப்புறம் லத்தீன் மோகம் வந்தது. அந்தச் சொற்களின் லத்தீன் மூலம் 'டெபிட்டும்', 'டுபிட்டாரே' என்று கண்டுபிடித்தவர்கள், மூலத்துக்கு மரியாதை என்று 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஒரு பி-யைக் கொண்டுவந்து நட்டார்கள். ஜனங்கள் கண்டுகொள்ளவே இல்லை, பழையபடியே சொன்னார்கள். 1590-களில் ஷேக்ஸ்பியர் எழுதிய ஒரு நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்றொரு வாத்தியார் வருவார், இந்த இரண்டு சொல்லிலும் பி-யை உச்சரிக்காமல் விட்ட ஒருவரைப் போட்டுத் திட்டுவார். அந்தக் கிறுக்கைப் பார்த்து நாடகக் கொட்டகை சிரிக்க வேண்டும் என்பதற்காக எழுதிய காட்சி அது. அதாவது 'டெப்ட்' என்று சொன்னால் சிரிப்பார்கள் என்பது நானூறு வருஷத்துக்கு மேலான வழக்கம், நான் மட்டும் மாட்டவில்லை.

'ரிசீட்'டில் நிற்கும் பேப்பர்-பி-யும் இதே கதைதான். அதன் கூடப் பிறந்தது மாதிரியான, ஏமாற்றுவதைக் குறிக்கும் 'டிசீட்'டில் அந்த பி-யைப் போட மறந்துவிட்டார்கள் என்பதிலிருந்தே இவர்கள் எவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தார்கள் என்று தெரியும். (நம்முடைய ரசீது இதிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல்.)

போட்டதாவது சரியாகப் போட்டார்களா? தீவுக்கான 'ஐலண்ட்'டில் ஓர் எஸ் இருக்கிறது. அந்தச் சொல் சுத்தமான பழைய ஆங்கிலம், லத்தீனோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அதே பொருளில் பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்ற சொல்லில் ஓர் எஸ் இருந்தது, அதற்கு லத்தீன் 'இன்சுலா' மூலம். இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைத்து இதற்கும் ஓர் எஸ்-ஸை மாட்டிவிட்டார்கள். கதிர் அறுக்கும் நீண்ட அரிவாளுக்கான 'ஸைத்' என்ற சொல்லில் உள்ள சி-யும் இப்படித் தப்பான லத்தீனை நினைத்து வந்ததுதான். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது 'டார்மிகன்' என்ற பனிப்பிரதேசப் பறவை. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல் அது. பறவை என்றால் இறக்கை, கிரேக்கத்தில் இறக்கைக்கு 'ப்டெரோன்', ஆகவே முன்னால் ஒரு பேப்பர்-பி. அவ்வளவுதான் ஆராய்ச்சி!

சில சமயம் வித்வான்கள் ஜெயித்தும் இருக்கிறார்கள். குற்றத்துக்கான 'ஃபால்ட்'டில் முதலில் எல் இல்லை, லத்தீனைப் பார்த்துச் சேர்த்தார்கள், கொஞ்ச காலம் ஊமையாக இருந்தது, பிறகு எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஜனங்களே உச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வகை, பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டவை. 'கிணற்றில்', 'வயிற்றில்' என்று எழுதிப் பழகிய கை, சுவரில் என்று எழுத வேண்டிய இடத்தில் 'சுவற்றில்' என்று எழுதுகிறது இல்லையா, அதே வியாதி. 'வில்'லிலிருந்து வந்த 'வுட்', 'ஷல்'லிலிருந்து வந்த 'ஷுட்' இரண்டிலும் எல் இருப்பது நியாயம், அவற்றின் வேர்ச்சொற்களில் எல் இருக்கிறது. 'கேன்'னிலிருந்து வந்த 'குட்' என்பதன் வேரில் எல் கிடையாது, பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அதற்கும் ஒன்று கிடைத்தது. அப்புறம் மூன்றிலுமே யாரும் எல்-லை உச்சரிக்கவில்லை என்பது வேறு. மகிழ்ச்சிக்கான 'டிலைட்'டில் ஜி-எச் வந்தது 'லைட்'டைப் பார்த்து. கட்டைவிரலுக்கான 'தம்'மின் கடைசியில் உள்ள பஸ்-பி, ஆட்டுக்குட்டிக்கான 'லேம்' போன்ற சொற்களைப் பார்த்து வந்தது. ஆட்டுக்குட்டியில் அந்த பி முன்பு ஒலித்த ஒன்று, கட்டைவிரலில் ஒலித்ததே இல்லை.

இந்த 'எம்'முக்குப் பின்னால் வரும் பஸ்-பி பற்றி ஒரு விஷயம், உங்கள் மகளுக்கு உதவும். சொல்லின் கடைசியில் வந்தால் ஒலிக்காது. அந்தச் சொல்லோடு பின்னால் 'அர்', 'இங்' என்று ஒட்டினாலும் ஒலிக்காது. அதனால்தான் மலையேறுகிறவர் 'க்ளைமர்'. ஆனால் 'நம்பர்' ஒரே சொல், ஒட்டியது இல்லை, அதனால் அங்கே பி ஒலிக்கும். குழாய் ரிப்பேர் செய்கிறவர் இந்தக் கணக்குப்படி 'ப்ளமர்'. ஈயத்துக்கு லத்தீனில் 'ப்ளம்பும்', அந்தக் காலத்துக் குழாய்கள் ஈயத்தில் செய்தவை. நம் ஊரில் அவர் பிளம்பர்தான். தமிழில் பேசும்போது பிளம்பர் என்றே சொல்லுங்கள், அது தமிழ்ச்சொல் ஆகி ரொம்ப நாளாகிவிட்டது, அங்கே போய் 'ப்ளமர்' என்று திருத்தினால் வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் பி-யை விட்டுவிட்டால் போதும்.

தாமஸும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது 'டாமஸ்', எச் சும்மா. நாம் த-வுக்கு டீ-எச் போட்டுப் பழகியவர்கள், அதனால் அந்த எழுத்துகளைப் பார்த்ததும் 'தாமஸ்' என்று வாசிக்கிறோம். லண்டனில் ஓடும் தேம்ஸ் நதியும் அவர்கள் வாயில் 'டெம்ஸ்'தான், அதில் உள்ள எச் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட அலங்காரம்.

இனி, எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி. எல்லாமே வெட்டி என்றால் எடுத்துவிடலாம்தான், ஆனால் சில ஊமைகள் வேலை செய்கின்றன. சொல்லின் கடைசியில் வரும் ஈ-யை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கான 'நேம்' பழைய ஆங்கிலத்தில் ஈரசைச் சொல், ஏறக்குறைய 'நாம' மாதிரி ஒலித்தது (வடமொழி வழி நம்மிடம் வந்த நாமத்துக்கும் இதற்கும் மூலம் ஒன்றே). அந்தக் கடைசி உயிர் சுமார் 1400 வாக்கில் செத்துவிட்டது. ஆனால் எழுத்தில் தங்கிய ஈ, முன்னால் இருக்கும் உயிரை நீட்டிப் படி என்று சைகை காட்டுகிறது. அது இல்லாவிட்டால் வெறுப்புக்கான 'ஹேட்'டும் தொப்பிக்கான 'ஹாட்'டும் எழுத்தில் ஒன்றாகிவிடும். நம் குறில் நெடிலுக்குத் துணைக்கால் போடுகிறோமே, அவர்கள் அதை இரண்டு எழுத்து தள்ளிப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வேலை, சொந்தம் காட்டுவது. 'சைன்' என்பதில் ஜி ஊமை, 'சிக்னல்', 'சிக்னேச்சர்' என்று வரும்போது அது எழுந்து பேசும். 'பாம்' என்பதில் கடைசி பி ஊமை, 'பாம்பார்ட்' என்னும்போது பேசும். இலையுதிர்காலம் 'ஆட்டம்', அதில் கடைசி 'என்' ஊமை, 'ஆட்டம்னல்' என்னும்போது வந்துவிடும். எடுத்துவிட்டால் அண்ணன் தம்பி யாரென்றே தெரியாது.

எடுக்க முயற்சி செய்யாமலும் இல்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி வழியாக நிறத்துக்கான 'கலர்' சொல்லில் இருந்த ஒரு 'யூ' அந்த நாட்டில் போயே போய்விட்டது. நாக்குக்கான 'டங்' சொல்லையும் ஒலிக்கிறபடி நாலெழுத்தில் எழுதச் சொன்னார், அது எடுபடவில்லை. 1906-இல் இரும்பு கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி பணம் கொடுத்து ஒரு வாரியம் அமைத்தார், 300 சொற்களுக்கு எளிய எழுத்துக்கூட்டல் பட்டியல் வந்தது, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அரசு அச்சகம் அதையே பின்பற்ற வேண்டும் என்று உத்தரவும் போட்டார். பத்திரிகைகள் கிண்டலடித்தன, நாடாளுமன்றம் முரண்டு பிடித்தது, அந்த வருஷம் முடிவதற்குள் ரூஸ்வெல்ட் பின்வாங்கிவிட்டார்.

1978-இல் தமிழ்நாட்டில் றா, ணை, லை போன்ற எழுத்துகளை மாற்றியபோது அது எடுபட்டது. அங்கே மாறியது சில எழுத்தின் உருவம் மட்டும், ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலும் மாறவில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து அறுக்க வேண்டும், அதைவிட யார் வாயைப் பார்த்து அறுப்பது என்ற சண்டை தீராது. 'கார்' என்பதன் கடைசி 'ஆர்' லண்டன்காரருக்கு ஊமை, அமெரிக்கருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் நமக்கும் ஊமை இல்லை. மூலிகைக்கான 'ஹெர்ப்' இங்கிலாந்தில் எச்-சோடு வரும், அமெரிக்காவில் 'எர்ப்'. ஒருவருக்கு ஊமையாக இருக்கும் எழுத்து இன்னொருவருக்குப் பேசும்போது எதைத் தூக்குவது?

ஆகவே படிக்கிற பிள்ளைக்கு என்ன செய்வது என்றால், நான் சொல்வது எல்லா வாத்தியார்களுக்கும் பிடிக்காது. எழுத்துக்கூட்டல் மனதில் நிற்க, மனசுக்குள் தப்பாகவே படிக்கட்டும். புதன்கிழமையை எழுதும்போது 'வெட்-னெஸ்-டே' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே எழுதினால் அந்த 'டி' ஒரு நாளும் விடுபடாது. அதுவும் தப்பு இல்லை, அது வோடன் என்ற பழைய தெய்வத்தின் நாள், அந்த 'டி' அவர் பெயரில் உள்ளது. கத்திக்கும் அப்படியே 'க்னைஃப்' என்று சொல்லிக்கொண்டே எழுதட்டும், வாய் திறக்கும்போது மட்டும் 'நைஃப்'.

அப்புறம் வகுப்பில் சிரித்தவர்களிடம் அடிக்கடி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். சிலர் 'ஆஃபன்' என்பார்கள், சிலர் 'ஆஃப்டன்' என்பார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். டீ ஒரு காலத்தில் ஒலித்தது, பிறகு ஊமையானது, எழுத்தைப் பார்த்துப் படிக்கும் கூட்டம் பெருகியதும் பலர் வாயில் திரும்ப வந்துவிட்டது. இன்றைய அகராதிகளில் இரண்டு உச்சரிப்பும் போட்டிருக்கும், அந்த ஒரு சொல்லில் மட்டும் அவளை யாரும் திருத்த முடியாது.